எஞ்சின் மாத்தினதுக்கு அப்புறம் கிளட்ச் மிதிச்சா அலறுது: பொலேரோ பிக்கப்

நீடா_பிக்கப்

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி 2014 பொலேரோ பிக்கப், டீசல். காமன் ரெயில் இல்லை, மெக்கானிக்கல் பம்ப். ஹீட் ஆகி பிளாக்கே போயிட்டதால காயலாங்கடையிலிருந்து இதே மாடல் முழு எஞ்சின் எடுத்துப் போட்டாச்சு. கியர்பாக்ஸ் பழையதுதான். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் புதுசு. ஏத்தி 9 நாள், ஓடினது 400 கி.மீ. இருக்கும்.

முதல் சத்தம்: நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நிக்கும்போது முதல் கியர் போட்டு கிளட்சை முழுசா மிதிச்சபடி இருந்தா, கீழேருந்து "ஙீஈஈ"ன்னு அலறல். காலை எடுத்து வண்டி நகர்ந்ததும் நின்னுடுது. நியூட்ரல்ல மிதிச்சா அந்த அலறல் இல்லை, லேசா கரகரப்பு மட்டும்.

அப்புறம், ரிவர்ஸ் போட்டா பல்லு உரசுது. பழைய எஞ்சின்ல இது இல்லை.

ஐடில்ல இடது பக்கம் அடியில தகரம் உரசுற மாதிரி "சிர்க் சிர்க் சிர்க்". 1200 ஆர்பிஎம் தாண்டினா கேக்கல.

30 சிப்பம் (நெல்லு மூட்டை) ஏத்திக்கிட்டு மூணாவது கியர்ல 40ல போனா கியர் லீவர் கையில நடுங்குது. காலி வண்டியில தெரியல.

எஞ்சின் ஏத்தின பட்டறையில "புது கிளட்ச், ஆயிரம் கி.மீ. ஓடினா செட் ஆயிடும்"ங்கிறாங்க. இன்னொருத்தர் ரன்னிங் பேரிங் (எஞ்சினுக்குள்ள இருக்கிற ராடு பேரிங்) போயிருக்கு, சம்ப்பை (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கழட்டுங்கிறார். குறுவை அறுப்பு வந்துட்டா கொள்முதல் நிலையத்துக்கு நடை அடிக்கணும், வண்டியை நிறுத்த முடியாது. எதை முதல்ல பாக்கறது? பழைய எஞ்சின் இன்னும் கொட்டாயிலதான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை காயலாங்கடைக்காரர் எடுக்க வர்றார்.


கரையோரம்

காயலாங்கடை எஞ்சின்னா ரன்னிங் பேரிங் சந்தேகம் வர்றது நியாயம்தான். ஆனா சம்ப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி நாசில் (சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சற முனை) கட் பண்ணிப் பாருங்க. எஞ்சின் ஐடில்ல ஓடட்டும். ஒவ்வொரு நாசிலா அதோட பைப் நட்டை அரைச் சுத்து தளர்த்தி, மேல துணியைப் போர்த்திக்கணும், டீசல் பீச்சும். எந்த சிலிண்டரைத் தளர்த்தும்போது சத்தம் சட்டுனு குறையுதோ அந்த ராடுல வேலை இருக்கு. நாலுலயும் ஒண்ணும் மாறலைன்னா ராடு பேரிங்கை மறந்துடலாம். காமன் ரெயில் வண்டி வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க. அந்த பைப்ல ஆயிரம் பாருக்கு மேல பிரஷர் இருக்கும், தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும். அதுல இன்ஜெக்டர் சாக்கெட்டை மட்டும் பிடுங்கணும்.

ஆயிலையும் ஒரு பார்வை பாருங்க. வெள்ளைத் துணியில வடிகட்டி வெயில்ல பிடிச்சா, செம்புப் பொடியோ வெள்ளிச் செதிலோ மின்னினா அப்புறம் சம்ப்பைப் பத்திப் பேசலாம்.


டயல்கேஜ்

தம்பி, முதல் வேலை: காயலாங்கடைக்காரரை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லுங்க. உங்க சத்தத்துக்கான சாமான் பெரும்பாலும் அந்தப் பழைய எஞ்சின்லதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். எஞ்சின் மாத்தின வண்டியில வர்ற புதுச் சத்தத்துக்குப் பாதிக் காரணம் புது எஞ்சின்ல இருக்கிற கோளாறு இல்லை. பழைய எஞ்சின்லேருந்து கழட்டி மாத்தாம விட்டது.

நீங்க எழுதினதுல நல்ல தடயம் இருக்கு. ராடு பேரிங்குக்கு கிளட்ச் பெடல் எங்க இருக்குன்னு தெரியாது. மிதிச்சாலும் விட்டாலும் அது பாட்டுக்குத் தட்டும். உங்க சத்தம் பெடலோட சேர்ந்து வருது, போகுது. அதனால எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல தேடணும். அங்க சுத்தற பேரிங் மூணு.

பெடலை விட்டுட்டு நியூட்ரல்ல இருக்கும்போது சத்தம், மிதிச்சா நின்னுடுதுன்னா கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். உங்களுக்கு அது இல்லை.

பெடல் மேல கால் லேசா பட்டதும், அதாவது ஃப்ரீ பிளே (பெடலோட வெறும் ஆட்டம்) தீர்ந்த உடனே சத்தம் ஆரம்பிச்சா ரிலீஸ் பேரிங். இதுக்கு கியர் போட்டிருக்கா நியூட்ரலாங்கிறது கணக்கே இல்லை, ரெண்டுலயும் ஒரே மாதிரி கத்தும்.

கியரைப் போட்டு, முழுசா மிதிச்சு, வண்டி நிக்கும்போது மட்டும் அலறுதுன்னா பைலட் பேரிங். கிராங்கோட (எஞ்சினோட சுழல்தண்டு) பின்முனையில, ப்ளைவீல் நடுவுல ஒரு குழி இருக்கும். இன்புட் ஷாஃப்டோட மூக்கு அதுக்குள்ள உக்காரும். கிளட்ச் பிடிச்சிருக்கும்போது கிராங்கும் ஷாஃப்டும் ஒரே வேகத்துல சுத்தறதால பேரிங்குக்கு வேலையே இல்லை. கியரைப் போட்டு மிதிச்சா ஷாஃப்ட் நின்னுடும், கிராங்க் 750 ஆர்பிஎம்ல சுத்தும். அந்த முழு வித்தியாசத்தையும் பேரிங்தான் தாங்கணும்.

நியூட்ரல்ல மிதிச்சா ஏன் அலறலைன்னு யோசிச்சுப் பாருங்க. நல்ல பேரிங்னா சில வினாடியில ஷாஃப்ட் மெல்ல நின்னுடும். காய்ஞ்சு துருப்பிடிச்ச பேரிங் ஷாஃப்டை விடாம கிராங்கோடயே இழுத்துக்கிட்டுப் போகும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம், அதனால சத்தம் கம்மி. உங்க ரிவர்ஸ் உரசலுக்கும் இதே காரணம்தான். கிளட்சை மிதிச்சாலும் ஷாஃப்ட் நிக்கலை, ரிவர்ஸ்க்கு சின்க்ரோ (பல்லு சேர்றதுக்கு முன்னாடி வேகத்தைச் சமப்படுத்தற வளையம்) கிடையாது, பல்லு உரசாம என்ன செய்யும்? சோதிக்கணும்னா: பெடலை முழுசா மிதிச்சு 10 வினாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் உரசினா கிளட்ச் முழுசா விடலை இல்லைன்னா பைலட் பேரிங் இழுக்குது. வேற முன்கியர் ஒண்ணைத் தொட்டுட்டு உடனே ரிவர்ஸ் போட்டா உரசாம விழுந்தா அதே கதைதான். சின்க்ரோ ஷாஃப்டைப் பிடிச்சு நிறுத்திடுது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கிராங்க் த்ரஸ்ட் வாசர் (கிராங்க் முன்னும் பின்னும் நகராம பிடிக்கிறது) தேஞ்சிருந்தா அதுக்கும் பெடலுக்கும் சம்பந்தம் இருக்கும், ஏன்னா கிளட்சை மிதிக்கும்போது கிராங்கையே முன்னால தள்ளுறோம். எஞ்சினை நிறுத்திட்டு முன்பக்க கிராங்க் புல்லியில டயல் கேஜை (நுணுக்கமான ஆட்டத்தை அளக்கிற கருவி) நிறுத்தி, ஒருத்தரை பெடலை மிதிச்சு மிதிச்சு விடச் சொல்லுங்க. பொதுவா 0.1லேருந்து 0.3 மி.மீ. வரை ஆடலாம். புல்லி முன்னும் பின்னும் போறது வெறும் கண்ணுக்கே தெரிஞ்சா சம்ப்பைக் கழட்டித்தான் ஆகணும். இந்தச் சோதனையை முடிச்சுட்டுத்தான் கியர்பாக்ஸை இறக்கணும். இல்லைன்னா ரெண்டு தடவை வேலை.


சிப்பம்40

சிர்க் சிர்க் சத்தம் தனிக் கேஸ். அதை போன்ல 5 வினாடி ரெக்கார்ட் பண்ணி கால் வேகத்துல ஓடவிட்டு எண்ணுங்க. 750 ஆர்பிஎம்னா கிராங்க் 5 வினாடியில 62 சுத்து சுத்தும். எண்ணிக்கை 60 பக்கம் வந்தா ப்ளைவீல், புல்லி, கிளட்ச் மாதிரி கிராங்கோட சுத்தற சாமான். 30 பக்கம் வந்தா கேம்ஷாஃப்ட் சம்பந்தம்: டேப்பட், வால்வு. மேனிபோல்டு பேக்கிங்ல காத்து ஒழுகினாலும் டேப்பட் மாதிரியேதான் டிக்டிக்னு கேக்கும். ஒழுகற இடத்துல கரிக்கோடு படிஞ்சிருக்கும், பாத்தாலே தெரியும்.

என் சந்தேகம் பெல் ஹவுசிங்குக்கும் (கிளட்சை மூடியிருக்கிற கூடு) பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற தகடு. எஞ்சினை ஏத்தி இறக்கும்போது ஜாக்கி பட்டு அது உள்வாக்குல வளைஞ்சிருக்கும். மரக்கைப்பிடி சுத்தியலால கீழ்விளிம்பை மெல்லத் தட்டிப் பாருங்க. சத்தத்தோட தாளம் மாறினா அதேதான்.

பெல்ட்டையும் கழட்டி ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாம், ஆனா ஒரு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், வாட்டர் பம்ப் நின்னுடும். டைனமோ பின்னாலதான் பிரேக் வேக்குவம் பம்ப்பும் இருக்கு. பெல்ட் இல்லாம வண்டியை நகர்த்தினா பிரேக் கல்லா இருக்கும். நின்ன இடத்துலயே பாருங்க.


நீடா_பிக்கப்

நேத்து சாயங்காலம் பாத்தது:

நாசில் நாலையும் ஒவ்வொண்ணா தளர்த்தினோம், எதுலயும் சத்தம் மாறல. ஆயில் துணியில கறுப்பு மட்டும்தான், மினுமினுப்பு இல்லை.

புல்லி ஆட்டம் 0.15 மி.மீ.

சிர்க் சத்தம் 5 வினாடிக்கு 61. தகட்டைத் தட்டினதும் தாளம் மாறுச்சு. கீழ் போல்ட் ஒண்ணைக் கழட்டி தகட்டை வெளிவாக்குல லேசா நிமிர்த்தினோம், சுத்தமா நின்னுபோச்சு.

பெடல்ல லேசா கால் வச்சா எந்தச் சத்தமும் இல்லை. 10 வினாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டாலும் உரசுது. மூணாவதைத் தொட்டுட்டுப் போட்டா வெண்ணெய் மாதிரி விழுது.

அப்ப பைலட் பேரிங்தானே அண்ணே? லீவர் நடுக்கமும் அதாலயா?


டயல்கேஜ்

அலறலும் உரசலும் பைலட் பேரிங். லீவர் நடுக்கத்துக்கு நான் டவல் பின்னைச் சந்தேகப்படுறேன்.

பிளாக்கோட பின்முகத்துல ரெண்டு டவல் இருக்கும். ஒரு விரல்கடை நீளத்துக்கு நீட்டிக்கிட்டு இருக்கிற குழல் அல்லது குச்சி. பெல் ஹவுசிங் அது மேலதான் உக்காரணும். கியர்பாக்ஸை நடுமையத்துல நிறுத்தறது அந்த ரெண்டும்தான், போல்ட் இல்லை. போல்ட் ஓட்டை எப்பவும் போல்ட்டை விடப் பெருசு. 10 மி.மீ. போல்ட்டுக்கு 11 மி.மீ. ஓட்டைன்னு வைங்க, டவல் இல்லைன்னா கியர்பாக்ஸ் தன் கனத்துலயே அரை மி.மீ. கீழ உக்காந்துடும். ப்ளைவீல் மையத்துக்கும் பெல் ஹவுசிங் மையத்துக்கும் டயல் வச்சுப் பாக்கறப்போ முழுச்சுத்துல 0.25 மி.மீ. தாண்டினாலே தப்பு. டயல் காட்டறது விலகலோட ரெண்டு மடங்குங்கறதை மறக்காதீங்க, 0.25 காட்டினா உண்மையான விலகல் 0.125. அரை மி.மீ. எங்க இருக்குன்னு பாத்துக்கங்க.

அப்படி மையம் தவறினா ஒவ்வொரு சுத்துக்கும் கிளட்ச் பிளேட் மத்தி ஷாஃப்ட் மேல மேலும் கீழும் நெளியும். காலி வண்டியில தெரியாது, லோடுல லீவர் வழியா கைக்கு வரும். புது பைலட் பேரிங்கையும் அதுவே தின்னுடும். அதனால பேரிங்கை மட்டும் மாத்திட்டு மூடிடாதீங்க.

இறக்கும்போது ஒரு விஷயம். கியர்பாக்ஸ் கனத்தை கிளட்ச் பிளேட்ல தொங்க விடாதீங்க. கடைசி போல்ட் வர்றதுக்கு முன்னாடியே ட்ராலி ஜாக்கியோ மரக்கட்டையோ முட்டுக் கொடுத்திருக்கணும். ரெண்டு நிமிஷம் தொங்கினாலே பிளேட் மத்தி வளைஞ்சுடும், அப்புறம் புதுக் கிளட்ச் புதுக் கிளட்சா இருக்காது.


லேத்துக்கடை_குடந்தை

பைலட் பேரிங் கழட்ட உளி வச்சுத் தட்டாதீங்க, கிராங்க் குழி கீறிடும். குழி பின்னால அடைப்பா இருந்தா கிரீஸ் வித்தை போதும். குழி நிறைய கிரீஸ் அடைச்சு, பேரிங் உள்வட்டத்துக்குள்ள இறுக்கமா போற கம்பி ஒண்ணை விட்டு சுத்தியலால ஓங்கித் தட்டினா கிரீஸ் பின்னாலேருந்து பேரிங்கை வெளியே தள்ளும். கம்பி லூஸா இருந்தா கிரீஸ் மூஞ்சியிலதான் அடிக்கும். பால் பேரிங்ல குண்டுக்கு நடுவுல கிரீஸ் ஒழுகும். அப்ப செய்தித்தாளை நனைச்சு உருட்டி உள்ளே திணிச்சுத் தட்டுங்க. நனைஞ்ச காகிதம் ஒழுகாது.

புதுசை ஏத்தும்போது வெளிவட்டத்துல மட்டும் அடி விழணும். வெளிவட்ட அளவுக்கு ஒரு சாக்கெட்டை வச்சுத் தட்டுங்க. உள்வட்டத்துல தட்டினா குண்டுத்தடம் பள்ளமாகி, 100 கி.மீ.ல திரும்ப இதே பாட்டு. பேரிங்கை ராத்திரி ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா சுலபமா இறங்கும். சீல் இருக்கிற பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்து இருக்கணும். ஷாஃப்ட் மூக்குல கிரீஸ் பூசறது நகத்துல ஒட்டற அளவு போதும், அதிகமானா சுழற்சியில தெறிச்சு கிளட்ச் பிளேட்டுக்குப் போயிடும். பேரிங்கா வெண்கல புஷ்ஷாங்கிறதை பழைய எஞ்சினைப் பாத்து முடிவு பண்ணுங்க, கடைக்காரர் குடுக்கறதை வச்சு இல்லை. வெளி அளவு, உள் அளவு ரெண்டையும் வெர்னியர் வச்சு எடுத்துக்கிட்டுப் போங்க.


கரையோரம்

இடையில ஒண்ணு. ஆர்சி புத்தகத்துல எஞ்சின் நம்பர் மாத்தியாச்சா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52வது பிரிவுப்படி எஞ்சின் மாத்தினா 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும். உங்களுக்கு 9 நாள் ஓடிப்போச்சு. எஞ்சின் வாங்கின பில், அந்த எஞ்சின் எந்த வண்டியோடதுங்கிறதுக்கான காகிதம் ரெண்டும் கையில இருக்கட்டும். இன்சூரன்ஸ்லயும் நம்பரை மாத்தச் சொல்லணும். நம்பர் ஒத்துப்போகலைன்னா கிளெய்ம்ல அதைத்தான் முதல்ல பிடிப்பாங்க.


நீடா_பிக்கப்

ஆர்சிக்கு நாளைக்கே திருவாரூர் போறேன் அண்ணே, நன்றி.

கியர்பாக்ஸ் இறக்கியாச்சு. பைலட் பேரிங் உள்ளே இருக்கு, ஆனா வெத்தலைப் பெட்டித் துரு மாதிரி சிவந்துபோய்க் கிடக்கு. விரலை விட்டுச் சுத்தினா மணல்ல சுத்தற மாதிரி இருக்கு. எஞ்சின் காயலாங்கடையில வாய் திறந்தபடி மழையில கிடந்திருக்கும் போல.

டவல் மேல் வலது பக்கம் ஒண்ணு இருக்கு. கீழ் இடது பக்கம் வெறும் ஓட்டை. கொட்டாயில இருக்கிற பழைய எஞ்சின்ல ரெண்டும் பத்திரமா இருக்கு! நீங்க சொல்லலைன்னா ஞாயித்துக்கிழமை போயிருக்கும்.

இன்புட் ஷாஃப்ட் மூக்குல நீல வளையம் விழுந்திருக்கு. பேரிங் உக்கார்ற இடம் தேயாத இடத்தை விட 0.04 மி.மீ. கம்மி. நகம் வச்சுத் தேச்சா தட்டல. ஷாஃப்டை மாத்தணுமா? வெல்டிங் வச்சு லேத்துல பிடிக்கலாம்ங்கிறாங்க.


லேத்துக்கடை_குடந்தை

வெல்டிங் வேண்டவே வேண்டாம். அந்த ஷாஃப்ட் மேல்தோல் கெட்டிப்படுத்தினது. வெல்டிங் சூட்டுல கெட்டித்தன்மையும் போயிடும், ஷாஃப்டும் லேசா வளையும். லேத்துல பிடிச்சா மூக்கு நேரா இருக்கும், பல்லு கோணலா இருக்கும். நகம் தட்டலைன்னா 600 நம்பர் எமரியை மண்ணெண்ணெயில நனைச்சு சுத்துவாக்குல தேச்சுட்டு போடலாம். நகம் மாட்டற படி விழுந்திருந்தாலோ 0.1 மி.மீ.க்கு மேல தேஞ்சிருந்தாலோ ஷாஃப்டே மாத்தணும்.

பழைய டவல் குழலா இருந்தா, உள்ளே சரியா போற ட்ரில் பிட் தண்டை விட்டுட்டு வெளியே வைஸ் கிரிப் போட்டுத் திருகி இழுங்க. தண்டு இல்லாம பிடிச்சா குழல் நசுங்கிடும், நசுங்கின டவல் இல்லாததுக்குச் சமம். முன்னாலயே ஒரு மணி நேரம் மண்ணெண்ணெய் விட்டு ஊறட்டும்.


டயல்கேஜ்

டவல் போட்டதும் பெல் ஹவுசிங் முகத்தையும் பிளாக் முகத்தையும் நல்லாத் துடைங்க. நெல்லு உமி அளவு அழுக்கு இருந்தாலும் முகம் சாய்ஞ்சுடும்.

கிளட்ச் பிளேட்டைக் கழட்டி மத்தியில இருக்கிற ஸ்ப்ரிங்கையும் பல்லையும் பாருங்க. 400 கி.மீ. கோணலா ஓடியிருக்கு. ஸ்ப்ரிங் கூட்டுக்குள்ள ஆடினாலோ பல்லு ஒரு பக்கம் மட்டும் பளபளத்தாலோ மாத்திடறது நல்லது. பிளேட்டை மையம் பிடிக்க லேத்துல ஒரு மரத்தண்டு கடைஞ்சு வாங்கிக்கங்க. ஒரு முனை பைலட் உள்ளளவு, அடுத்தது பிளேட் பல்லளவு. பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிரா, ஒரு தடவைக்கு ஒரு சுத்தா இறுக்கிக்கிட்டே வரணும்.

ஏத்தும்போது கியர்பாக்ஸ் கையாலேயே பிளாக் வரைக்கும் வந்து ஒட்டணும். ஒரு விரல் இடைவெளி நின்னா போல்ட்டைப் போட்டு இழுக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. பெல் ஹவுசிங் காது உடையறதும் பைலட் பேரிங் நசுங்கறதும் அப்படித்தான். டாப் கியர்ல போட்டு, பின்னால ஜாயிண்ட் பக்கம் ஷாஃப்டைக் கையால மெல்லத் திருப்பிக்கிட்டே தள்ளுங்க, பல்லு பிடிச்சு தானா உள்ளே போகும்.

எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் போல்ட்டையெல்லாம் கடைசியிலதான் இறுக்கணும். லேசா தளர்வா விட்டு எஞ்சினை ஒரு நிமிஷம் ஐடில்ல ஓட்டி நிறுத்தி, தானா உக்காந்த இடத்துல இறுக்குங்க. முறுக்கி உக்காந்த ரப்பரும் லோடுல லீவரை நடுக்கும். சைலன்சர் பைப் எதையும் தொடாம விரல் நுழையற இடம் இருக்கான்னும் பாத்துடுங்க.


நீடா_பிக்கப்

ஏத்தியாச்சு. கிளட்ச் பிளேட் மத்தி லேசா ஆடினதால அதையும் மாத்திட்டோம். முதல் கியர் போட்டு மிதிச்சபடி கேட்டுல நின்னு பாத்தேன், அலறல் இல்லை. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது. 30 சிப்பம் ஏத்தி மூணாறு தலைப்பு கரை ரோட்டுல 40ல போனேன், லீவர் நடுங்கல.

கடைசியா ஒண்ணு. பெல் ஹவுசிங் அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கு. தண்ணியும் வண்டலும் உள்ளே போயிடும், சிலிகான் வச்சு அடைச்சுடலாம்னு பட்டறையில சொல்றாங்க. அடைக்கலாமா?


சிப்பம்40

அடைக்காதீங்க. அது உள்ளே போக இல்லை, வெளியே வர. தரைப்பாலத்துல தண்ணி ஏறினா மேல் இடுக்கு வழியா எப்படியும் உள்ளே வரும். அந்த ஓட்டை இருந்தாத்தான் வடியும். அடைச்சா வண்டல் தண்ணி உள்ளேயே நின்னு ரிலீஸ் பேரிங்கையும் புது பைலட்டையும் துருப்பிடிக்க வைக்கும். நிமிர்த்தின தகடு நாலு போல்ட்டோட ஒட்டி இருந்தா போதும், வண்டல் அவ்வளவா போகாது. அந்த ஓட்டையிலேருந்து என்னைக்காவது சொட்டு விழுந்தா விரல்ல தொட்டு மோந்து பாருங்க. கறுப்பா எஞ்சின் ஆயில்னா கிராங்க் பின்சீல், கந்தக வாடையோட கெட்டியா இருந்தா கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல்.